ஆஸ்டின் காரில் அம்பாசிடர் டைனமோ

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் தெருவில், என் ஆஸ்டின் ஏ40 காருக்கு ஓர் அம்பாசிடரிலிருந்து கழற்றிய டைனமோவை (இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி) மாட்டி முடித்து இஞ்சினைக் கிளப்பினேன். சாவியைத் திருப்பியதும் எரியும் சிவப்பு விளக்கு, இஞ்சின் வேகம் ஏற ஏற மங்கி அணைந்துவிட வேண்டும். ஆனால் நான் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது மேலும் பிரகாசமாக எரிந்தது. பல்பு நல்ல பல்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மிதித்தேன். பானெட்டுக்கு அடியில், டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் வைக்கும் கட்-அவுட் பெட்டி கடகடவென்று அடித்துக்கொண்டது. சில நொடிகளில் கருகிய வாடை வந்தது. இஞ்சினை நிறுத்திய பிறகும் அம்மீட்டர் முள், பேட்டரி இறங்குவதைக் காட்டும் டிஸ்சார்ஜ் பக்கத்தின் கடைசியிலேயே நின்றது. பேட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் அது நடுவுக்கு வந்தது.

அந்த விளக்கு ஏன் பிரகாசமாக எரிந்தது என்பது அன்றே எனக்குத் தெரிந்திருந்தால், ஒரு கட்-அவுட்டும் மூன்று வார அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். பழைய கார்களுக்கு இடையே டைனமோவை மாற்றிப் போட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கார் என் தாத்தாவுடையது. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை உதிரிகளாக வரவழைத்துப் பூட்டி விற்றது. பின்னர் லேலண்டுடன் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனதும் லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. எங்கள் வண்டி அந்த முதல் சில ஆண்டுகளின் வண்டி. எண்ணூரில் பூட்டப்பட்டு, இராயபுரத்தில் ஓடி, இன்றும் அதே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போய்வருகிறது என்பதில் எங்கள் வீட்டாருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமையால்தான் டைனமோவுக்குப் பதிலாக மாருதியின் ஆல்டர்னேட்டரைப் போட்டுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. வேறொரு காரணமும் உண்டு. எங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் பூட்டப்பட்டிருக்கும். அந்த ஆல்டர்னேட்டரோ நெகட்டிவ் எர்த்துக்கு மட்டுமே ஆனது. அப்படியே மாட்டினால் அதற்குள் இருக்கும் டயோடுகள் ஒரே நொடியில் போய்விடும்.

பழைய டைனமோ கெட்டது முழுக்க முழுக்க என் கவனக்குறைவால். அது லூகாஸ் கம்பெனித் தயாரிப்பு. லூகாஸ் டைனமோவின் முன்பக்கம் பால் பேரிங் இருக்கும். பின்பக்கம், அதாவது கார்பன்கள் தொட்டு மின்சாரத்தை எடுக்கும் செம்பு உருளையான காமுடேட்டர் இருக்கும் பக்கம், எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வெண்கலப் புஷ்தான் இருக்கும். அந்தப் பக்கத்து மூடியின் நடுவில் ஒரு சிறு துளை உண்டு. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அதில் இரண்டு மூன்று சொட்டு இஞ்சின் ஆயில் விட வேண்டும். எத்தனை ஆண்டாக விடவில்லை என்று எனக்கே நினைவில்லை. புஷ் தேய்ந்து, தண்டு தொய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் (கம்பி சுற்றிய உருளை) சுற்றியுள்ள இரும்புத் துருவங்களில் உரசத் தொடங்கியிருக்கிறது. நான் கேட்டது லேசான ஒரு கீச்சுச் சத்தம்தான். பெல்ட் சத்தம் என்று விட்டுவிட்டேன். மின்ட் அருகே காயில் கட்டும் பெரியவரிடம் கொண்டுபோனபோது, அவர் ஆர்மேச்சரைக் கையில் உருட்டி, பளபளவென்று தேய்ந்திருந்த பட்டையைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். “புஷ்ஷு எண்பது ரூபா சமாச்சாரம் தம்பி. இப்போ ஆர்மேச்சரே போயிடுச்சு” என்றார். திரும்பக் கட்ட ஒரு மாதம் ஆகும் என்றும் சொன்னார்.

ஆவணியில் தங்கை மகளுக்குத் திருமணம். தாய்மாமன் காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். கொளத்தூரில் பெரியப்பா மகன் வீட்டில் ஐந்தாறு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் பழைய அம்பாசிடர் நினைவுக்கு வந்தது. அதிலும் லூகாஸ் டைனமோ. சென்னையின் பாடி என்ற பகுதியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் காலத்துச் சரக்கு. அண்ணன் “எடுத்துக்கோடா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

என் பழைய டைனமோவின் எண் சி39. அம்பாசிடரில் இருந்தது சி40. இந்த எண்கள் பெரும்பாலும் உடலின் குறுக்களவையே சொல்கின்றன: சி39 என்றால் 3.9 அங்குலம், சி40 என்றால் 4 அங்குலம். அளவில் இவை அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் சி39 தருவது அதிகபட்சம் 19 ஆம்பியர். சி40 தருவது 22. பொருள் மேசைமேல் இருக்கும்போது இந்த மூன்று ஆம்பியர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்-அவுட்டைப் பற்றிப் பேசும்போது அதற்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் மாட்டுகிற வேலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்த்தால், இஞ்சினோடு பூட்டும் காதுகள் இருக்கும் முன்மூடி இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. என்னிடம் இருந்த சி40-இன் உடலும் கால் அங்குலம் நீளம். அப்படியே மாட்டியிருந்தால் டைனமோ புல்லி, பேன் புல்லி, கிராங்க் புல்லி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றிருக்காது. பெல்ட் ஒரு பக்கமாகத் தின்னப்பட்டிருக்கும். எனவே காதுள்ள அந்த மூடியைச் சற்றே ராவி, ஒரு வாஷரும் கொடுத்துத்தான் நேருக்குக் கொண்டுவந்தேன். நேராக இருக்கிறதா என்று பார்க்க நான் பயன்படுத்தியது ஒரு நீள இரும்பு ஸ்கேல். மூன்று புல்லிகளின் முகத்திலும் அது இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும்.

புல்லியைப் பழையதிலிருந்தே எடுத்துப் போட்டேன். அம்பாசிடர் புல்லியின் பள்ளம் ஆஸ்டினின் அகலமான பெல்ட்டுக்குக் குறுகல். பெல்ட் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே மிதக்கும். அகலப் பள்ளத்தில் ஒல்லிப் பெல்ட்டைப் போட்டாலும் தொல்லைதான்: அடியில் போய் உட்கார்ந்து வழுக்கும். வீ வடிவப் பெல்ட் பக்கச் சுவர்களைக் கவ்வித்தான் இழுக்கிறது. அடிப்பகுதி எதையும் தொடக்கூடாது. பெல்ட்டை இறுக்கும்போது நீளமான ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். கிண்ணென்று இறுக்கினால் வழுக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த இறுக்கம் முழுவதையும் தாங்குவது நான் மேலே சொன்ன புஷ்ஷும் பேரிங்கும்.

போல்ட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலரும் நல்ல உலோகத்தைக் கெடுக்கிறார்கள். என் ஆஸ்டினில் 5/16 அங்குலப் பிரிட்டிஷ் நுண்மரை; அங்குலத்துக்கு 22 மரை. அம்பாசிடரில் வந்த போல்ட்டும் அதே 5/16 அங்குலம்தான், ஆனால் யூஎன்எஃப் என்னும் வேறு வகை நுண்மரை. அங்குலத்துக்கு 24 மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கையால் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், மூன்றாவதில் பிடிக்கும், அப்போது ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் மரை சீவிக்கொண்டு வந்துவிடும். கையால் கடைசி வரை ஏறாத போல்ட் அந்தத் துளைக்குச் சொந்தமில்லை. நான் பழைய போல்ட்டுகளையே மண்ணெண்ணெயில் கழுவிப் பயன்படுத்தினேன்.

வயர் இணைப்பில் இரண்டே முனைகள்: பெரியது டி, ஆர்மேச்சரிலிருந்து மின்சாரம் வரும் முனை, சிறியது எஃப், உள்ளே காந்தத்தை உண்டாக்கும் பீல்டு காயிலுக்குப் போகும் முனை. பழைய சி39-இல் இவை ஸ்குரூ முனைகள். சி40-இல் செருகும் தகடுகள். வயர் முனையை மாற்றினேன். டி-யும் எஃப்-உம் மாறிவிடாமல் இருக்க வயருக்கு வயர் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். அதுவரை எல்லாம் சரியாகவே செய்திருந்தேன். அதன் பிறகுதான் சிவப்பு விளக்கு.

பெரியவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “லைட்டு வேகத்தோட ஏறி எரிஞ்சுதா?” ஆமாம் என்றதும், “அது எதிர்த் திசையில கரண்ட் போட்டிருக்கு” என்றார்.

விஷயம் இதுதான். டைனமோவின் பீல்டு காயில் சுற்றியிருக்கும் இரும்புத் துருவங்களில், இஞ்சின் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும். அடுத்த முறை சுழலும்போது அந்த மிச்சக் காந்தமே முதல் துளி மின்னழுத்தத்தைக் கொடுத்து, அது பீல்டுக்குப் போய், காந்தம் பெருகி, டைனமோ எழுகிறது. எனவே எந்த முனை பிளஸ், எது மைனஸ் என்பதைத் தீர்மானிப்பது வயரிங் அல்ல. அந்த மிச்சக் காந்தத்தின் திசை. கொளத்தூர் அம்பாசிடர் நெகட்டிவ் எர்த் வண்டி. ஐந்தாறு ஆண்டு சும்மா கிடந்தாலும் அதன் டைனமோ தன் பழைய திசையை மறக்கவில்லை. என் வண்டியில் டி முனை மைனஸாக இருக்க வேண்டும், வந்தது பிளஸ். சிவப்பு விளக்கு பேட்டரிக்கும் டி முனைக்கும் இடையே இணைக்கப்பட்டது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் ஆனால் விளக்கு அணையும். எதிரெதிராக ஆனால் 12-உம் 12-உம் கூடிக் கிட்டத்தட்ட 24 வோல்ட் அந்தச் சிறிய பல்பின் மேல் விழும். அதுதான் அந்தப் பிரகாசம்.

கட்-அவுட்டுக்கு இந்தத் திசை வேறுபாடு தெரியாது. டைனமோ சுமார் 13 வோல்ட்டை எட்டியதும் அதன் காயில் தொடுமுனைகளைச் சேர்த்துவிடும். சேர்ந்த நொடியில் பேட்டரியும் டைனமோவும் ஒன்றின் தலையில் மற்றொன்று ஏறியதுபோல் தொடராக நின்று, தடுக்க எதுவும் இல்லாமல் பெரும் மின்னோட்டம் ஓடும். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது தொடுமுனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இஞ்சினை நிறுத்திய பிறகும் அம்மீட்டர் முள் நகராததற்குக் காரணம் அதுவே.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. எஃப் வயரைக் கட்-அவுட்டிலிருந்து முழுவதும் விடுவிக்க வேண்டும். பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து, எங்கள் வண்டியில் மைனஸிலிருந்து, ஒரு வயரை எடுத்து டைனமோவின் எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும்; மூன்று நான்கு முறை. சிறு பொறி வரும். ஒட்டியிருந்த நேரத்தில் பேட்டரியே காந்தத்தைத் திருப்பியிருக்கவும் கூடும் என்று பெரியவர் சொன்னார். ஆனால் ஊகத்தை நம்பிப் புதுக் கட்-அவுட்டை மாட்ட எனக்குத் துணிவில்லை. தொட்டுக் காந்தம் ஏற்றிய பிறகு, பெல்ட்டைக் கழற்றி டி-யையும் எஃப்-ஐயும் ஒரு கம்பியால் சேர்த்து, நேரில் வந்த பெரியவர் பேட்டரி மைனஸை அதற்குக் கொடுத்தார். டைனமோ மோட்டாரைப் போல மெல்லச் சீராக, அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே சுழன்றது. தடுமாறிச் சுழன்றாலோ உதறினாலோ ஆர்மேச்சரில் கோளாறு என்று கொள்ளலாம்.

அதன்பின் பெல்ட்டை மாட்டி, டி-யும் எஃப்-உம் சேர்ந்தபடியே, முள் வைத்த மீட்டரின் சிவப்பு முனையைப் பாடியிலும் கறுப்பு முனையை டி-யிலும் பிடித்து இஞ்சினைக் கிளப்பினோம். முள் வலப்பக்கம் துள்ளாமல் ஏறியது. மாட்டிய அன்றைக்கே இதைச் செய்திருந்தால் முள் இடப்பக்கம் போய் முட்டியிருக்கும், நானும் பிழைத்திருப்பேன். இந்தச் சோதனையில் 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. கட்டுப்படுத்த எதுவும் இல்லாததால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது ஏறிக்கொண்டே போகும். முள் ஒரு வோல்ட்டில் நின்றுவிட்டால் பீல்டு காயிலையும், நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும், அசையவே இல்லையென்றால் முதலில் கார்பனையும் சந்தேகிக்க வேண்டும்.

இனி அந்த மூன்று ஆம்பியர். நம் மெக்கானிக்குகள் கட்-அவுட் என்று சொல்லும் பெட்டிக்குள் இரண்டு காயில்கள் உண்டு: ஒன்று உண்மையான கட்-அவுட், மற்றொன்று ரெகுலேட்டர். லூகாஸின் ஆர்பி106 வகைப் பெட்டியில் ரெகுலேட்டர் காயிலின் மேல் கனமான சில சுற்றுகள் இருக்கும். மின்னோட்டம் கூடும்போது அழுத்தத்தைக் குறைத்து டைனமோவைக் காப்பாற்றுவது அவைதான். அந்தச் சுற்றுகள் டைனமோவின் திறனுக்கு ஏற்ப அமைந்தவை. 19 ஆம்பியருக்கான பெட்டியோடு 22 ஆம்பியர் டைனமோவைப் போட்டால் கெடுதல் இல்லை; கூடுதல் திறன் கிடைக்காது, அவ்வளவே. ஆனால் 22 ஆம்பியர் பெட்டியோடு 19 ஆம்பியர் டைனமோவைப் போட்டால், பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் அந்தப் பெட்டி டைனமோவிடம் அதன் சக்திக்கு மீறிக் கறக்கும். ஆர்மேச்சரில் ஈயம் உருகித் தெறித்த பிறகுதான் தெரியும். என் பழைய பெட்டி கருகிவிட்டதால் சி40-க்கு உரியதையே தேடி வாங்கினேன். புதுப்பேட்டையில் எனக்கு முதலில் கிடைத்தது பளபளப்பான, மூடியில் எண்ணே இல்லாத ஒரு பெட்டி. திறந்து பார்த்தால் அந்தக் கனச் சுற்றே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, அடியில் எண் பொறித்த பழைய பெட்டி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன்.

அதைச் சரிபார்க்க, பேட்டரிக்கும் இக்னிஷனுக்கும் போகும் ஏ, ஏ1 வயர்களைப் பெட்டியிலிருந்து விடுவித்து ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் இக்னிஷனுக்கு மின்சாரம் போகும், டைனமோவுக்குச் சுமை இருக்காது. டி-க்கும் பாடிக்கும் இடையே சுமார் 16 வோல்ட்டில் முள் நிற்க வேண்டும். சுமையில்லாத அளவு என்பதால்தான் இவ்வளவு உயரம். 14-க்கு இறக்கிவிட்டால் பேட்டரி பட்டினி கிடக்கும். வெப்பம் கூடினால் இந்த அளவு சற்று இறங்கும், ஆகவே நம் ஊர் வெயிலில் கீழ் எல்லையை ஒட்டி வைப்பதே நல்லது என்பது பெரியவரின் கட்சி; எனக்கும் அது சரியாகவே படுகிறது. திருகாணியைத் திருப்பும் வேலையை அரை நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். காயில் சூடாகிவிட்டால் மீட்டர் பொய் சொல்லும்.

எர்த் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. காசிமேட்டுக் கடற்காற்று எங்கள் தெருவில் எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. டைனமோவின் எர்த் அதன் உடல் வழியாகவே இஞ்சினுக்குப் போகிறது. இஞ்சினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து பாடிக்குப் போவது ஒரேயொரு பின்னல் பட்டை. அழகுக்காக டைனமோவின் காதுகளுக்கும் சேர்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தேன். அதைச் சுரண்டிய பிறகுதான் ரெகுலேட்டர் அளவு நிலையாக நின்றது. இன்னொன்று: பேட்டரியைக் கழற்றும்போது எங்கள் பகுதிப் பையன்கள் பழக்கத்தில் மைனஸைத்தான் முதலில் தொடுவார்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதுதான் உயிருள்ள முனை. ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங்தான்.

இவ்வளவுக்குப் பிறகு அந்தக் கூடுதல் மூன்று ஆம்பியரால் பயன் என்ன? கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு 45 வாட் ஹெட்லைட்டுக்கு ஏழரை ஆம்பியர், சிறு விளக்குகளுக்கு இரண்டு, இக்னிஷன் காயிலுக்கு மூன்று நான்கு, வைப்பருக்கு இரண்டு மூன்று. மழை இரவில் 15 ஆம்பியருக்கு மேல் போய்விடுகிறது. 19-இல் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம், 22-இல் கொஞ்சம் தாராளம். ஆனால் காசிமேட்டுப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தால், ஐட்லிங்கில் இரண்டு டைனமோவும் ஒன்றுதான், எதுவும் தராது. அங்கே நின்றால் ஹெட்லைட்டை அணைத்துவிடுவது என் வழக்கம். மாப்பிள்ளை அழைப்பன்று பின்சீட்டிலிருந்து யாரோ ஏன் மாமா லைட்டை ஆஃப் பண்றீங்க என்று கேட்டதற்கு நான் விளக்கத் தொடங்க, என் மனைவி முறைத்த முறையில் பாதியில் நிறுத்திக்கொண்டேன். சிவப்பு விளக்கு அன்று இரவு முழுவதும் ஒழுங்காக அணைந்தே இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டுத் திருவொற்றியூர் நண்பர் ஒருவர் தம் வில்லிஸ் வகை ஜீப்புக்கும் இப்படி ஒரு லூகாஸ் டைனமோ போடலாமா என்று கேட்டார். அந்த ஜீப்பில் இருந்தது ஆட்டோலைட் என்ற வேறு கம்பெனியின் டைனமோ. அங்கே திசை மட்டும் பிரச்சினையில்லை, சுற்றின் அமைப்பே வேறு. லூகாஸில் பீல்டு காயிலின் ஒரு முனை உள்ளேயே எர்த் ஆகியிருக்கும். ரெகுலேட்டர் மறுமுனைக்கு மின்சாரம் கொடுக்கும். ஆட்டோலைட்டில் ஒரு முனை உள்ளே ஆர்மேச்சரோடு சேர்ந்திருக்கும். ரெகுலேட்டர் மறுமுனையை எர்த் செய்யும். ஒன்றின் டைனமோவை மற்றொன்றின் ரெகுலேட்டரோடு சேர்த்தால் பீல்டின் இரண்டு முனையும் ஒரே இடத்தில் போய் நிற்கும். எதுவும் கருகாது, எதுவும் வராது. அடையாளம் காண எளிய வழி உண்டு: காமுடேட்டருக்கும் கார்பனுக்கும் இடையே ஒரு துண்டு அட்டையைச் செருகிவிட்டு ஓம் மீட்டரால் பாருங்கள். எஃப்-க்கும் பாடிக்கும் இடையே சுமார் 6 ஓம் காட்டினால் லூகாஸ் வழி. பாடிக்குக் காட்டாமல் ஆர்மேச்சர் முனைக்கும் எஃப்-க்கும் இடையே மட்டும் காட்டினால் மற்றது. அட்டையைச் செருக மறந்தால், ஆர்மேச்சர் வழியாகவே சுற்று முடிந்து, இரண்டும் ஒன்றுபோலவே காட்டும். நண்பரும் அட்டையை மறந்துதான் முதல் முறை பார்த்தார். ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றதும், ஆட்டோலைட்டையே காயில் கட்டக் கொடுத்துவிட்டார்.

என் பழைய சி39-உம் புரட்டாசியில் கட்டி முடிந்து வந்தது. புதுப் புஷ்ஷை இஞ்சின் ஆயிலில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்துத்தான் பெரியவர் பொருத்தினார். இப்போது அது அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. என் மகன் ஒரு நாள் எடுத்து மாட்டிவிடக்கூடும் என்பதால், மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: “19 ஆம்பியர். பிளஸ் எர்த். கட்-அவுட்டையும் மாற்று.”